பழைய வீட்டை வாடகைக்கு விடும் முன் எதற்குச் செலவிடலாம்?

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விட எண்ணுபவர்கள் பெரும்பாலும் முதலில் அழைப்பது பெயிண்டரை. அவரைக் கடைசியாக அழைப்பதே முறை; ஏனெனில் தளத்தில் கசிவும் சுவருக்குள் துருப்பிடித்த குழாயும் இருக்கும்போது அடிக்கும் வண்ணம் அடுத்த ஐப்பசி மழையைத் தாங்காது.

நல்ல மழை பெய்த மறுநாள் மொட்டை மாடியிலிருந்து பார்வையிடத் தொடங்குங்கள். கான்கிரீட் தளத்தின் அடிப்பூச்சு உதிர்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, பூச்சை வெளியே தள்ளுகிறது என்று பொருள். மேலே சிமென்ட் பூசி மறைப்பது பயன் தராது. இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக, அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட வீடாக இருந்தால், அந்த உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளில் ஈரமும் கரையானும் உள்ளனவா என்று ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு பார்ப்பது அவசியம்.

அடுத்தது மின்சாரம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டியூப்லைட்டுக்கும் மின்விசிறிக்கும் போடப்பட்ட பழைய வயரிங்கில் இன்று ஏசியும் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடப்போகின்றன. இவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து தனித்தனி இணைப்பு தேவை. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுப்பது நல்லது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) பொருத்துவதோடு எர்த்திங்கையும் சோதியுங்கள். எர்த் சரியாக இருந்தால், ஏதாவது ஒரு மின்சாதனத்தில் மின்கசிவு ஏற்பட்ட கணத்திலேயே இணைப்பு துண்டிக்கப்படும். எர்த் இல்லாத வீட்டில் யாராவது அந்த மின்சாதனத்தைத் தொட்டு, அவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பிறகுதான் ஆர்சிசிபி செயல்படும். குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் நம்மை நம்பிக் குடிவரும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இவை வீட்டு உரிமையாளரின் கடமையும்கூட. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள, 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பிலும், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சிறு பழுதுகளை வாடகைதாரர் பொறுப்பிலும் வைக்கிறது.

மற்ற மேம்பாடுகளுக்கு ஒரு கணக்குப் போதும்: செலவை, அதனால் கூடும் மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். 1,20,000 ரூபாய்க்கு மாடுலர் கிச்சன் போட்டு வாடகை 1,000 ரூபாய் மட்டுமே கூடுமானால், பணம் திரும்பப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் பலகைகள் உப்பிவிடக்கூடும். கிரானைட் மேடையும், பரணும், நல்ல சிங்க்கும் போதும். மாறாக, ஒரு குளியலறையிலாவது வெஸ்டர்ன் டாய்லெட், ஜன்னல்களுக்குக் கொசுவலை, மாடிக்குத் தனி மின் மீட்டர் ஆகியவை குறைந்த செலவில் வீடு விரைவில் வாடகைக்குப் போக உதவும். சிவப்புச் சிமென்ட் தரையோ ஆத்தங்குடிக் கல்லோ நல்ல நிலையில் இருந்தால் பெயர்க்க வேண்டாம், மெருகேற்றினாலே போதும்.

வருமான வரியையும் கணக்கில் கொள்ளுங்கள். வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கும். உண்மையில் எவ்வளவு பழுது பார்த்தாலும் அதற்கெனத் தனிக் கழிவு கிடையாது. ஆகவே பெரிய வேலைகளை ஒரே ஆண்டில் முடிப்பதால் வரியில் கூடுதல் ஆதாயம் இல்லை. தளத்தையும் வயரிங்கையும் இப்போதே முடித்துவிட்டு, அழகு வேலைகளை அடுத்த வாடகைதாரர் வரும் இடைவெளிக்குத் தள்ளிவைக்கலாம்.