ஆடுபுலி ஆட்டம்: சிறுவர்கள் எழுந்து ஓடாமல் ஆட வைப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு வரும் சிறுவர்கள் கேரம் பலகையை விட்டு நகரவே மாட்டார்கள். இப்போது மாலையானால் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இடம் பிடிக்கிறார்கள். வீட்டில் தொடங்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டம். உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து நான்கு கோடுகளை விரித்து இறக்கி அடிக்கோட்டில் சேருங்கள். குறுக்கே ஒரே நீளத்தில் மூன்று கோடுகள். அவை இருபுறமும் முக்கோணத்துக்கு வெளியே நீள வேண்டும். அந்த முனைகளை மேலிருந்து கீழாக இணைத்துவிட்டால் 23 சந்திகள் கிடைக்கும். அச்சிட்ட அட்டை வேண்டாம், கை இடிக்கும். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைவதே நல்லது. ஆடுகளுக்கு 15 புளியங்கொட்டை, புலிகளுக்கு மூன்று கறுப்புக் கேரம் காய்கள்.

புலிகள் உச்சியிலும் அதற்குக் கீழே உள்ள இரு நடுச் சந்திகளிலும் நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லாம் இறங்கும் வரை எந்த ஆடும் நகராது. புலி தொடக்கத்திலிருந்தே நகரலாம். பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த காலிச் சந்தியில் இறங்கினால் ஆடு வெட்டப்படும்.

புதியவர்கள் சலித்துப்போவது ஆடுகளை இறக்கும்போதுதான். கண்ட இடத்தில் வைக்கிறார்கள், புலி வரிசையாக வெட்டுகிறது, ஆடு வைத்திருப்பவருக்கு அழுகை வருகிறது. அதனால் முதலில் இதைக் காட்டுங்கள்: முனைகளை இணைத்த பெட்டியின் நான்கு மூலைகளிலும் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் ஆட்டை வெட்டவே முடியாது, அவற்றின் ஊடே நேர்கோடு எதுவும் செல்லவில்லை. ஆறு ஆடுகளுக்கு அங்கே பயமில்லை.

ஆனால் அங்கேயே ஒடுங்கினால் புலியைக் கட்ட முடியாது; புலி நகர வழியில்லாமல் சூழ்ந்து அடைப்பதுதான் கட்டுவது, ஆடுகளின் வேலையே அதுதான். மூலையில் நிற்கும் புலியைக் கட்ட நான்கு ஆடுகள் போதும்: பக்கத்தில் இரண்டு, அவற்றின் பின்னால் இரண்டு. கட்டத்தின் நடுவில் நிற்கும் புலிக்கு எட்டு வேண்டும். ஆகவே ஓர் ஆட்டைப் பலி கொடுத்தாவது புலியை ஓரத்துக்கு இழுக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புலி வைத்திருப்பவரும் அதே கணக்கைப் போட்டு, கைக்கெட்டிய ஆட்டை வெட்டாமல் விடத் தொடங்குவார். ஆட்டம் இனிப்பது அங்கேதான். வெட்டு கட்டாயம் என்ற விதியை நான் ஏற்பதில்லை. அது இந்தத் தயக்கத்தையே கொன்றுவிடும்.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும். இது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். நேபாளத்தில் ஆடும் இதே போன்ற பாக்சால் என்ற ஆட்டத்தில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஐந்து வெட்டினால் புலி வென்றது. நானும் ஐந்தையே வைக்கிறேன். தோற்பது உறுதியான பிறகும் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கம் மாறுங்கள்.

பின்சேர்க்கை: வியாசர்பாடி வாசகர் ஒருவர், ஒரே முறையில் புலி இரண்டு ஆடுகளை வெட்டலாமா என்று கேட்டிருந்தார். சில வீடுகளில் அப்படி ஆடுகிறார்கள். பழகும் வரை ஒரு முறைக்கு ஒரு வெட்டு என்றே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சறுக்கலிலேயே ஆடு வைத்திருப்பவரின் கதை முடிந்துபோகும். புலியும் ஆடும் இரண்டு சந்திகளுக்குள் போய்வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பது இன்னொருவர் கேள்வி. அதே நிலை மூன்றாம் முறை வந்தால் சமன் என்று அறிவித்துவிடுகிறோம்.