ஸ்போர்ட்ஸ் காரை விற்று இரண்டு கார் வாங்கப் போகிறீர்களா?

பந்தயத் தளத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு இராமநாதபுரத்தில் திண்டாடுகிறவர்கள், அதை விற்று அன்றாடத்துக்கு ஒரு செடானும் தளத்துக்கு ஒரு பழைய சிறிய காரும் வாங்குவது நல்ல யோசனைதான். தரையை ஒட்டி ஓடும் வண்டி இங்குள்ள வேகத்தடைகளில் அடிவயிறு தேயாமல் கடக்காது.

ஆனால் தளத்துக் காரை ஊரில் நிறுத்தாதீர்கள். எப்போதாவது ஓடும் வண்டியைத்தான் உப்புக்காற்று முதலில் தின்னும். பிரேக் டிஸ்க் சில நாட்களிலேயே துருவேறிவிடும். முக்கியமான பந்தயத் தளங்கள் எப்படியும் கோவை செட்டிபாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும்தான் இருக்கின்றன. அந்தப் பக்கமே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடியுங்கள்.

செடானில் தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். நல்ல தண்ணீரில்! உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவுவதற்குப் பதில் சும்மா இருக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது காப்பீட்டில். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. விற்கும்போதே அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். 3 ஆண்டுகளுக்குள் பயன்படுத்தினால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். இரண்டில் ஒரு காருக்குத்தான் செல்லும் என்பதால் செடானுக்கே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் ஓட்டும்போது நேரும் சேதத்துக்குச் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தராது. பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டவை.