விபிஎன் போடலாமா? முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி தன் போனை என்னிடம் நீட்டினான். "அண்ணா, ராத்திரி சும்மாதான் கிடக்குது. ஆனா காலையில தொட்டா சுடுது, பேட்டரியும் பாதிதான் இருக்கு." திரையின் மேல் ஓரத்தில் ஒரு குட்டிச் சாவிப் படம் இருந்தது; விபிஎன் ஓடுகிறது என்பதன் அடையாளம். அதே சாவி ஒரு காலத்தில் என் போனிலும் எட்டு மாதம் இருந்ததால் உடனே விளங்கிவிட்டது.

பாஸ்வேர்டைப் பத்திரமாக வை, ஆப்பை அப்டேட் செய் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்கு என்று கேட்காமலே போடுவது

விபிஎன் உங்கள் கருவிக்கும் அதன் சர்வருக்கும் நடுவே பூட்டிய குழாய் ஒன்றைப் போடுகிறது. இணைய இணைப்பு தருபவருக்கு நீங்கள் போகும் தளங்கள் தெரியாது; தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண், தெரியாது. ஆனால் குழாயின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு, அதாவது விபிஎன் நடத்துபவருக்கு, இரண்டுமே தெரியும். இணைப்பு தருபவரைவிட இவரை அதிகம் நம்புகிறீர்களா? அலுவலக நெட்வொர்க்குக்குள் போக, வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட என்றால் விபிஎன் கட்டாயம் உதவும். "பாதுகாப்புக்காக" என்று மட்டும் சொன்னால், யாரிடமிருந்து என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

இலவசம் என்று கண்ணை மூடி ஏற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

முதல்முறை விபிஎன் ஆப்பைத் திறக்கும்போது ஆண்ட்ராய்டு ஒரு பெட்டி காட்டும்: இந்த ஆப் உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் ஏற்கவும் என்று. நான் படிக்காமல் சரி கொடுத்தேன். ஒரு மாதத்தில் எந்தத் தளத்துக்குப் போனாலும் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்கத் தொடங்கியது. பிறகு இணைய நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: என் இணைப்பிலிருந்து ஆயிரக்கணக்கில் லாகின் முயற்சிகள் போகின்றனவாம். அப்போதும் ரவுட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் இணைப்பையே துண்டித்தார்கள். இரண்டு வாரம் வேலை நின்றது.

நடந்தது இதுதான். சர்வர் நடத்தப் பணம் வேண்டும். அதை உங்களிடம் வாங்காதவர்களில் சிலர், உங்கள் இணைப்பையே வேறொருவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ செய்யும் காரியம் உங்கள் ஐபி முகவரியில் பதிவாகிறது. 2015இல் ஹோலா என்ற இலவச விபிஎன் பயனர்களின் இணைப்பை லுமினாட்டி என்ற பெயரில் விற்றுவந்தது வெளியானது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற இணைப்பு வாடகை வலையமைப்பு இன்னும் பெரிது: மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச ஆப்கள் வழியாக 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன.

இணைப்பை விற்காதவர்கள் தகவலை எடுக்கலாம். 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்ற நிறுவனத்தின் விபிஎன் ஆப், மக்கள் வேறு எந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குக் காட்டியது. 2016இல் ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தபோது, 18 சதவீத ஆப்கள் போக்குவரத்தை என்கிரிப்ட் செய்யவே இல்லை, அதாவது பூட்டவே இல்லை.

தம்பியின் போனில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். அவன் மாதம் முழுக்கப் பார்த்த வீடியோக்களைவிட அந்த ஆப் ஒன்றே அதிகம் தின்றிருந்தது. முக்கால்வாசி பின்னணியில்.

எல்லா இலவசமும் மோசமில்லை. சந்தா கட்டுபவர்கள் உள்ள நிறுவனம் தரும் இலவசத் திட்டம் வேறு ரகம். பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததைத் தொடவே தொடாதீர்கள்.

பொது வைஃபை என்றாலே பதறுவது

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்தான், அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் முறை. பாஸ்வேர்டு ஏற்கெனவே பூட்டப்பட்டே போகிறது. வைஃபைக்காரருக்குப் பெரும்பாலும் தளத்தின் பெயர்தான் தெரியும். அதுவும் தெரியக்கூடாது என்றால் போடுங்கள்.

லாகின் செய்துகொண்டே ஒளிவது

கணக்கே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"லாக் வைப்பதில்லை" என்பதை அப்படியே நம்புவது

நீங்கள் எங்கே போனீர்கள் என்பது போன்ற பதிவுதான் லாக். அதை வைப்பதில்லை என்று சொன்ன யூஎஃப்ஓ விபிஎன்னின் பயனர் பதிவுகள் 2020இல் பூட்டில்லாத சர்வரில் கிடந்தன. முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 2023இல் ஸ்வீடன் போலீஸ் சோதனைக்கு வந்தது. வாடிக்கையாளர் விவரம் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. தணிக்கை அறிக்கை வெளியிடுகிறார்களா என்று பாருங்கள்.

கில் ஸ்விட்ச்சை அணைத்து வைப்பது

விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் வசதிதான் கில் ஸ்விட்ச். அது இல்லையென்றால் அறுந்த நொடியில் எல்லாம் திறந்த வழியில் போகும். போட்டால் அதையும் போடுங்கள்.

ஆப்பை நீக்கியதோடு விடுவது

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் தனியாக இருக்கும். செட்டிங்ஸில் அந்த ஆப் சேர்க்கச் சொன்ன பாதுகாப்புச் சான்றிதழும் இருக்கலாம். அது இருந்தால் எச்டிடிபிஎஸ் பூட்டையே திறக்க முடியும். தம்பியின் போனில் இரண்டுமே இருந்தன.