யாழ்ப்பாணத்திலயிருந்து காலிக்கு வீடு மாறுறவைக்கு ஒரு நவிகேஷன் குறிப்பு

ஜப்பான் ரீகண்டிஷன் காரோட வாற நவிகேஷனை நம்பிக் காசு கூடக் குடுக்காதேங்கோ. அநேகமா அதில ஜப்பான் மேப்தான் இருக்கும், பேசுறதும் ஜப்பான் பாஷை. நான் வாங்கின காரில, ஆனையிறவு தாண்டேக்க எங்களைக் கடலுக்கு நடுவில நிப்பாட்டி வைச்சிருந்தது!

கைபேசியே போதும். ஏசி காத்து வாற துவாரத்தில கொழுவுற ஹோல்டர் வாங்குங்கோ. கண்ணாடியில ஒட்டுறது எங்கட வெயிலுக்கு மாங்குளம் வரமுந்தியே கழண்டு விழும், போனும் கொதிச்சு நிண்டுடும். சார்ஜர் வயரையும் மறக்காதேங்கோ.

வீட்டு வைஃபையில கூகுள் மேப்பை ஆஃப்லைனா இறக்கி வையுங்கோ. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை; ட்ராஃபிக் மட்டும் தெரியாது. புது வீட்டுக்காரரிட்ட விலாசத்தோட வாட்ஸ்அப்பில லொக்கேஷனும் கேட்டு, வெளிக்கிட முந்தியே சேமிச்சுப்போடுங்கோ.

சாமான் லொறி பின்னால வந்தா நேரே காலி எண்டு அடிக்காமல் முதல்ல வவுனியா எண்டு போடுங்கோ. இல்லாட்டி சங்குப்பிட்டிப் பாலத்தால ஏ32 வீதியில மன்னார்ப் பக்கம் திருப்பிவிட்டாலும் விடும். ரெண்டு டிரைவரும் வவுனியாவுக்குப் போற ஏ9 வீதியிலயே நிண்டால்தான் தேத்தண்ணிக்கும் ஒரே கடையில நிப்பாட்டலாம்.