மாற்றப்பட்ட ஓடைக்கரையில் பூச்சிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

கரைக்குக் கான்கிரீட் பூசிய ஓடை, நேராக வெட்டிவிட்ட ஓடை, மேலே அணை கட்டிய ஓடை என்று எதை எடுத்தாலும், கரைப்பூச்சிகளின் கதை தண்ணீர் விளிம்பிலிருந்து முதல் சில மீட்டருக்குள்தான் நடக்கிறது. எத்தனை பூச்சி விழுந்தது என்பதைவிட, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி எது கிடைத்தது என்ற கணக்கே உதவும்.

மாற்றிய பகுதி மூன்று, மாற்றாத பகுதி மூன்று, ஒவ்வொன்றும் 50 மீட்டர் நீளம். இது குறைந்தபட்சம். மாற்றாதவை எல்லாம் மேலேயும் மாற்றியவை எல்லாம் கீழேயும் அமைந்தால், கிடைக்கும் வித்தியாசம் கான்கிரீட்டால் வந்ததா, ஓடை அகலமானதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. மாறி மாறி அமைய ஒரே ஓடையில் இடமில்லை என்றால் அதே அளவுள்ள பக்கத்து ஓடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பகுதிகளிலும் ஒரே வாரத்தில் பொறி வைக்க வேண்டும்.

விளிம்பிலிருந்து 1, 3, 10 மீட்டர் தூரங்களில் மூன்று வரிசை. வரிசைக்கு நான்கு குழிப்பொறி (ஓடும் பூச்சி விழும்படி மண்ணில் புதைத்த கப்), இடைவெளி 10 மீட்டர். வாய் 8 செ.மீ., ஆழம் 12 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் கப் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப் வையுங்கள். உள்கப்பை மட்டும் எடுத்துக் காலிசெய்தால் குழி சரியாது. கப்பின் விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கலாம், மேலே துருத்தக் கூடாது. கரையில் ஓடும் தரைவண்டுகள் பலவற்றின் மொத்த நீளமே 3–5 மி.மீ.; துருத்திய விளிம்பைத் தொட்டதும் அவை சுற்றிக்கொண்டு போய்விடும். பலருடைய பொறி காலியாக வருவதற்குக் காரணம் இதுதான், பூச்சி இல்லாதது அல்ல.

கப்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு, பூச்சி அழுகாமல் காக்கும் புரொப்பிலீன் கிளைக்காலையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, மணமில்லாத சோப்புத் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் லேசான பூச்சிகள் மேலே மிதந்து தப்பிவிடும். எத்திலீன் கிளைக்கால் வேண்டாம்: இனிக்கும், விஷம், நாய் குடித்தால் செத்துப்போகும். மழைக்காக 2–3 செ.மீ. உயரத்தில் தகட்டு மூடி வையுங்கள். புதிதாகத் தோண்டிய மண் எறும்புகளை இழுப்பதால், கப்பை மூடியபடியே சில நாள் விட்டு, பிறகு திறந்து, ஏழு நாள் கழித்து எடுங்கள். 1 மீட்டர் வரிசையில் நிலத்தடி நீர் கப்பை மேலே தள்ளும். வெளிக்கப்பின் அடியில் துளை போட்டு, உள்கப்பில் ஒரு கூழாங்கல் போடுங்கள்.

தண்ணீர் விளிம்பை ஒட்டிய இடத்துக்குக் குழிப்பொறி சரிப்படாது. 50×50 செ.மீ. தகரச் சட்டத்தை மண்ணில் அழுத்தி, 5 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். விரிசலுக்குள் இருந்த வண்டுகள் வெளியே ஓடிவரும். 15 நிமிடம் உறிஞ்சுகுழாயால் (பூச்சி வாய்க்குள் போகாமல் வலை கட்டிய குழாய்) பிடியுங்கள். கான்கிரீட்டில் சட்டம் இறங்காது. அடியில் ஈரத்துணி சுற்றி அதே பரப்பு, அதே நேரம் தேடுங்கள். சுவரின் உச்சியில் உள்ள மண்ணில் பொறி வைத்துவிட்டு அதைக் கரை என்று எழுதுவது ஏமாற்றுக் கணக்கு.

ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பு போல ஒல்லியாக, 1 செ.மீ.க்குள் இருக்கும் குறுஇறக்கை வண்டு ஈரக்கரையில் சகஜம். தோலில் வைத்து நசுக்கினால் ஓரிரு நாளில் கொப்புளம் வரும். கழுத்தில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், தட்டாதீர்கள்.

பிடித்தவற்றை 70–75% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். பூச்சி உடலின் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். இடம், தூரம், தேதியைப் பென்சிலால் எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும். பேனா மை கரைந்துபோகும்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனம் தேவை. குழிப்பொறி காட்டுவது நடமாட்டத்தை, அடர்த்தியை அல்ல. புல் மண்டிய கரையில் வண்டு மெதுவாக நகரும், வெறுந்தரையில் ஓடும். வழித்துவிட்ட கரையில் அதிகம் விழுந்தால் அங்கே கூட்டம் அதிகம் என்று ஆகாது. யார் இல்லை என்று பாருங்கள். நீர்வண்டின் புழு கூட்டுப்புழுவாக மாறக் கரையேறி ஈரமண்ணில் புதைய வேண்டும். சுவர் எழுப்பிய ஓடையில் அதற்கு வழியில்லை. பறந்து வந்த வளர்ந்த வண்டுகளைப் பார்த்து அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைப்பூச்சிக்குத் தோண்டக்கூடிய மண் வேண்டும். புலிவண்டின் புழுவுக்குச் செங்குத்தாக வளை அமைக்க வெறும் தரை வேண்டும். அணையிலிருந்து தினமும் தண்ணீர் திறக்கும் ஓடையில் விளிம்பே இடம்மாறும். முளையடித்து, காலையும் மாலையும் மட்டம் குறியுங்கள். தெருவிளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நீரிலிருந்து வெளிவரும் ஒருநாள்பூச்சிகளை அது கரையைவிட்டு இழுத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் கப்புகளை எண்ணி எடுத்துக் குழிகளை மூடுங்கள். மறந்துபோன ஒரு கப் மாதக்கணக்கில் பூச்சிகளையும் தவளைக்குஞ்சுகளையும் கொன்றுகொண்டே இருக்கும்.