கங்காரு பொம்மையை வைத்துப் பாடம் சொல்லும்போது

ஆஸ்திரேலியாவில் ஒரு மழலையர் பள்ளி. பூர்வகுடிப் பண்பாட்டைக் கற்பிக்கிறோம் என்று ஒரு கூடை நிறையப் பஞ்சு பொம்மைகளை வைத்திருந்தார்கள். குழந்தைகள் கோவாலாவைக் கட்டிப்பிடித்தார்கள், வளை தோண்டி வாழும் வொம்பட்டின் காதைக் கடித்தார்கள், காகிதக் கங்காருவின் மேல் வண்ணப் புள்ளிகள் வைத்தார்கள். பாடம் முடிந்தது. அந்தக் காலை முழுவதும் ஒரு பூர்வகுடி மக்களின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

பூர்வகுடிகளை ஒரே மக்களாக எண்ணுவதுதான் தாய்த் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் குட்டிகள். ஐரோப்பியர் வந்தபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதாகி இன்றைய குக்டவுனில் ஒதுங்கியது. அங்கிருந்த குகு யிமித்திர் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல்தான் கங்காரு. 1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அதே சொல்லை அந்த ஊர் மக்களிடம் சொன்னார்கள். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தெற்கே இருந்தவர்களுக்கு அது யாருடைய சொல்லோ! பிறகு கப்பலில் வந்திறங்கிய பசுக்களைக் காட்டியபோது, கோல்பி என்ற உள்ளூர்க்காரர் ‘இவைதாம் கங்காருவா?’ என்று கேட்டதாக வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார்.

கங்காரு என்றால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று பொருள் என்பார்களே, அந்தக் கதையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ஒரு வகைக் கங்காருவின் பெயர்தான் என்பதை மொழியியலாளர்கள் குகு யிமித்திர் மக்களிடமே கேட்டு உறுதிசெய்துவிட்டார்கள்.

ஆக, பொம்மையின் பெயரே நல்ல பாடம். கோவாலா, வொம்பட், வாலபி (சிறிய கங்காரு வகை), டிங்கோ (காட்டு நாய்) நான்கும் சிட்னிப் பகுதியின் தாருக் மொழி தந்தவை. குக்கபரா விராஜுரி மொழிச் சொல். பறவையின் சிரிப்பொலியிலிருந்தே பிறந்தது என்பதால் குழந்தைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். (கோவாலாவைக் கரடி என்று சொல்லிக்கொடுப்பது தனித் தவறு. அது கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு.)

‘உனக்குப் பிடித்த விலங்கு எது? அதுதான் உன் குலக்குறி’ என்று விளையாட்டு நடத்துகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. குலக்குறி என்பது பிறப்பாலும் உறவாலும் நிலத்தாலும் வருவது. அந்த விலங்கைக் காக்கும் பொறுப்பும் கூடவே வரும். பல குழுக்களில் அதன் இறைச்சியைத் தொடமாட்டார்கள். கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய பரிசு அல்ல அது. நாமே ஒரு கதை கட்டி ‘இது பூர்வகுடிக் கதை’ என்று சொல்வதும் இந்த ரகம்தான்.

புள்ளி ஓவியம் எல்லோருக்கும் பொதுவானது அன்று. இன்று உலகம் அறிந்த புள்ளி ஓவிய இயக்கம் 1971 வாக்கில் மத்தியப் பாலைவனத்தின் பப்புன்யாவில் தொடங்கியது. வடக்கே ஆர்னெம் நிலத்தில் நுண்ணிய குறுக்குக் கோடுகளே மரபு. புள்ளி போட்ட பொம்மையை வாங்குமுன் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓவியரின் பெயரும் அவருடைய மக்களின் பெயரும் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்ற நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

‘அந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள்’ என்று தொடங்காதீர்கள். 2021 கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தங்களைப் பூர்வகுடியினராகவோ டாரஸ் நீரிணைத் தீவினராகவோ பதிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கடலில் வாழும் இந்தத் தீவினரின் பண்பாடு வேறு; அவர்களுக்குக் கடலாமையும் கடற்பசுவும் நெருக்கம்.

குழந்தைகள் மூன்று வயதுக்குக் கீழே என்றால் பொத்தான் கண் வைத்த பொம்மை வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடுவார்கள். நூலால் தைத்த கண் போதும்.

என்னைக் கேட்டால் ஈமு பறவையிலிருந்து பாடத்தைத் தொடங்குவேன். (பெயர் மட்டும் பூர்வகுடி மொழியிலிருந்து வந்ததில்லை.) கமிலராய் மக்கள் வானத்தில் ஈமுவைக் காண்பது நட்சத்திரங்களில் அன்று, பால்வீதியின் இருண்ட பகுதிகளில். தென்சிலுவை விண்மீன் கூட்டத்தின் அருகே தலை, அங்கிருந்து நீளும் கழுத்து, உடல். அது வானில் படுத்திருக்கும் விதம் மாற மாற, தரையில் ஈமு முட்டையிடும் பருவம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடைகாப்பது அப்பா ஈமு, சுமார் எட்டு வாரம். விளக்கை அணைத்து, பொம்மையின் கீழே ஒரு அவகாடோவை வையுங்கள். ஈமு முட்டையும் கரும்பச்சைதான்.