உடலை அளவுகோலாகக் கொண்டு கிரீன்லாந்துக் கயாக் கட்டுவது எப்படி?

மரச்சட்டகத்தின் மீது சீல் தோலைப் போர்த்தித் தைத்த, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, மேல்தளம் மூடிய படகுதான், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூயிட் மக்களின் கயாக். சீலையும் வால்ரஸையும் ஓசையின்றி நெருங்கி ஈட்டி எறிவதற்காக உருவான படகு என்பதால், அதன் அளவுகள் அதில் அமர்பவரின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டன. மேற்குக் கிரீன்லாந்து வகையை, அதன் மரபு அளவுகளையும் கட்டும் வரிசையையும் காத்து, இன்று கிடைக்கும் பொருள்களால் கட்டும் முறையை இங்கே விளக்குகிறேன். மரவேலையில் ஓரளவு பழக்கமும் பொறுமையும் இருந்தால் போதும்.

கிரீன்லாந்தின் டிஸ்கோ வளைகுடாப் பகுதியில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய சக்காக் பண்பாட்டுத் தலம் ஒன்றில், தோல் படகின் சட்டகத் துண்டுகள் கிடைத்துள்ளன. அத்தனை நீண்ட காலத்தில் ஒவ்வொரு கடலுக்கும் ஏற்ப வடிவம் மாறியது. அலூஷியன் தீவுகளின் கயாக்கிற்கு முன்முனை இரண்டாகப் பிளந்திருக்கும். ஆற்றைக் கடக்கும் காரிபூ மான்களைத் துரத்திய உள்நாட்டுக் கனடிய இன்யூயிட்டுகளின் கயாக் மிக நீண்டு ஒடுங்கியிருக்கும். வடமேற்குக் கிரீன்லாந்தின் இனுகுயிட் மக்களிடம் இந்தக் கலை ஒரு காலத்தில் முற்றிலும் மறைந்துபோயிருந்தது. 1860களில் பாஃபின் தீவிலிருந்து கில்லாக் என்பவரின் தலைமையில் வந்தவர்களே அதை மீண்டும் கற்றுக்கொடுத்தனர். இன்றும் அங்குள்ள கானாக் பகுதியில் நார்வால் என்னும் திமிங்கில வேட்டைக்கு, முதல் ஈட்டியைக் கயாக்கிலிருந்துதான் எறிய வேண்டும் என்பது விதி.

மரமே வளராத கடற்கரையில் மரம் எங்கிருந்து வந்தது? சைபீரியாவின் ஆறுகள் அடித்துவந்த லார்ச், ஸ்புரூஸ், பைன் மரங்களை ஆர்க்டிக் கடலின் பனிக்கட்டியும் நீரோட்டமும் சுமந்துவந்து கரை சேர்த்தன. அரிதாகக் கிடைத்த அந்த மரத்தில் ஒரு துண்டையும் வீணாக்காத சிக்கனம்தான் இப்படகின் வடிவமைப்பையே தீர்மானித்தது. நாம் கட்டும்போது நீள்சட்டங்களுக்கு முடிச்சில்லாத, நேர்நாருள்ள சிடார், ஸ்புரூஸ் அல்லது பைன் மரத்தையும், வளைக்க வேண்டிய விலாச்சட்டங்களுக்கு ஆஷ் அல்லது வெள்ளை ஓக் மரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். விலாவுக்கான மரம் சூளையில் உலர்த்தியதாக இருக்கக் கூடாது. பச்சை மரமோ காற்றில் உலர்ந்த மரமோதான் முறியாமல் வளையும்.

முதலில் அளவு. நீளம் மூன்று மார், அதாவது இரு கைகளையும் விரித்த அகலத்தைப் போல மும்மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு இது 5 மீட்டரை ஒட்டி வரும். அகலம், உங்கள் இடுப்பின் அகலத்துடன் இருபுறமும் ஒவ்வொரு கைமுட்டி. ஆழம், மடக்கிய கைமுட்டியின் மீது கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம். நாடாவை வைத்து இவற்றைச் சரிபார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த எண்களைப் பார்த்துத் தயங்கிக் கூடுதல் இடம் விட்டுவிடாதீர்கள். இப்படகை உடுப்பைப் போல அணிய வேண்டும். தொளதொளத்தால் உடலின் அசைவுக்கு அது கட்டுப்படாது.

இப்படகின் முதுகெலும்பு அடியில் இல்லை, மேலே உள்ள இரு பக்கச்சட்டங்களில் இருக்கிறது. சுமார் 2 செ.மீ. தடிமனும் 6 முதல் 7 செ.மீ. அகலமும் உள்ள இந்தச் சட்டங்கள் இரண்டையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் இரு முனைகளில் தாங்கி, நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டு வளைவை ஒப்பிடுங்கள். ஒன்று அதிகம் வளைந்தால், விறைப்பானதைச் சற்றே இழைத்துச் சமன் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் படகு ஒரு பக்கமாகக் கோணி, ஆயுள் முழுவதும் நேராக ஓடாது. முனைகளைக் கட்டி, நடுவில் அச்சுப்பலகை வைத்து விரித்து, முனையிலிருந்து முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, இரு பக்கமும் அந்த நூலிலிருந்து ஒரே தூரத்தில் வருகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து மேல்தளக் குறுக்குச்சட்டங்கள். துளையிட்டு, முனையைச் செருகி, மர ஆப்பு அடித்துக் கயிற்றால் கட்டுங்கள், இரும்பாணி வேண்டாம். இவற்றுள் தனிக் கவனம் பெற வேண்டியது, அமரும் துளைக்கு முன்னால் வில் போல் மேல்நோக்கி வளைந்திருக்கும் மசிக் என்ற சட்டம். படகு கவிழ்ந்தால், தொடைகளை இதன் அடிப்புறத்தில் அழுத்தித்தான் அதை மீண்டும் நிமிர்த்த முடியும். இயல்பாகவே வளைந்த கிளையிலிருந்து இதைச் செதுக்குவது மரபு. மெல்லிய பட்டைகளை ஒட்டியும் செய்யலாம். இதன் இடத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். சட்டகத்தினுள் காலை நீட்டி அமர்ந்து, பாதம் ஊன்றும் குறுக்குச்சட்டத்தை முதலில் முடிவு செய்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் மீது மசிக் படியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடைக்கும் மசிக்கிற்கும் இடையே சிறிதளவு இடைவெளி போதும்.

பக்கச்சட்டங்களின் அடிவிளிம்பில் சுமார் 15 செ.மீ.க்கு ஒன்றாக விலாக்களுக்கான துளைகளை வெட்டுங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள விலாவுக்குப் 10 முதல் 15 நிமிட நீராவி போதும். நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த சில நொடிகளுக்குள் வளைத்துச் செருகிவிட வேண்டும். முதலில் ஒன்றை வளைத்துப் பார்த்து, ஆழம் சரியாக வந்த பிறகே மற்றவற்றின் நீளத்தை வெட்டுங்கள். நடுவிலுள்ள விலாக்கள் தட்டையாகவும் முனைகளை நோக்கிச் செல்பவை ஒடுங்கியும் அமையும். இன்யூயிட்டுகள் மரத்தை வெந்நீரில் ஊறவைத்து, உட்புற நாரைப் பல்லால் கடித்து நசுக்கி வளைத்ததும் உண்டு. சில விலாக்கள் முறியத்தான் செய்யும். கூடுதலாக வெட்டி வைத்திருங்கள்.

சட்டகத்தைக் கவிழ்த்து, விலாக்களின் மேல் நடுவில் ஏராவையும் (படகின் அடிநடுச் சட்டம்) இருபுறமும் ஒவ்வொரு நீள்சட்டத்தையும் வைத்து, ஒவ்வொரு சந்திப்பையும் மெழுகு பூசிய நைலான் நூலால் கட்டுங்கள். ஆர்க்டிக்கில் இதற்குத் தோல்வாரும் விலங்கின் தசைநாரும் பயன்பட்டன. அலை மோதும்போது கட்டுகள் சிறிது இடங்கொடுப்பதால் சட்டகம் நெளிந்து விசையைப் பகிர்ந்துகொள்கிறது. பசையிட்டு விறைப்பாக்கினால் அந்த விசை முழுவதும் ஒரே மூட்டில் இறங்கி, அங்கே பிளக்கும். துணி படும் விளிம்புகளை எல்லாம் உருட்டையாக இழைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசி உலரவிடுங்கள்.

போர்த்துவது மரபில் பெண்களின் வேலை. இவ்வளவு நுட்பமான கைவேலை வேறெந்தப் படகிலும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இரு தோல்களின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊசி ஒரு தோலின் தடிமனில் பாதி வரை மட்டுமே இறங்கி வெளியேறும்படி தைப்பார்கள்; மறுபக்கத்திலும் அதேபோல் இன்னொரு வரிசை. எந்தத் துளையும் தோலை முழுவதும் துளைத்துச் செல்லாது. நனைந்த தசைநார் உப்பி, துளையை அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு இழுத்துத் தைத்த தோல், காய்ந்ததும் இறுகிவிடும்.

நமக்குத் தடித்த நைலான் அல்லது பாலியஸ்டர் துணி போதும். நைலான் உரசலைத் தாங்கும்; ஆனால் ஈரத்தில் தளரும். புதிதாகக் கட்டுவோருக்குப் பாலியஸ்டரையே பரிந்துரைப்பேன். துணியை முதலில் நீளவாக்கில் இறுக இழுத்து, மேல்தளத்தின் நடுக்கோட்டில் குறுக்கும்நெடுக்குமாக நூல் கோத்து நெருக்கி, நடுவிலிருந்து முனைகளை நோக்கித் தைத்துச் செல்லுங்கள். அமரும் துளையின் மர வளையத்தைச் சட்டகத்தோடு பிணைக்கக் கூடாது; துணியோடு மட்டும் தைத்தால், அது முன்னால் மசிக்கின் மீதும் பின்னால் முதுகுப்புறச் சட்டத்தின் மீதும் தானாகப் படியும். பிறகு காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, பாலியூரித்தேன் பூச்சைச் சில முறை பூசுங்கள்.

துடுப்பின் நீளம் ஒரு மாரும் ஒரு முழமும். இரு அலகுகளும் ஒரே தளத்தில், விளிம்பைக் கைக்குள் பற்றக்கூடிய அளவுக்கு ஒடுக்கமாக இருக்கட்டும். முன்னும் பின்னும் காற்றுப்பைகளைச் செருகாமல் நீரில் இறக்காதீர்கள். முதல் நாள் இடுப்பளவு நீரில், அருகில் ஒருவரை நிற்கவைத்து, உயிர்காப்பு மேலாடையுடன் அமர்ந்து பாருங்கள். பிரிட்டன் நாட்டவரான ஜீனோ வாட்கின்ஸ், கிரீன்லாந்தியரிடம் கயாக்கை நிமிர்த்தும் கலையை நன்றாகக் கற்றவர். அவரும் 1932இல் கிழக்குக் கிரீன்லாந்தில் தனியாகச் சீல் வேட்டைக்குச் சென்று திரும்பவில்லை. கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறவும், பிறகு அதை நிமிர்த்தவும், பயிற்சி தருபவர் ஒருவரின் துணையோடு பழகிய பிறகே ஆழமான நீருக்குச் செல்லுங்கள்.